இடம் கிடைக்குமா? கல்லூரிக் கதவின் 200 வருடக் கதை



பிளஸ் டூ ரிசல்ட் வந்த நாளிலிருந்து என் போனுக்கு வருகிற கேள்வி ஒன்றே ஒன்றுதான். "டீச்சர், எங்க பிள்ளை இத்தனை மார்க். அந்தக் காலேஜ்ல இடம் கிடைக்குமா?" ஒருவருக்குப் பாளையங்கோட்டை சேவியர், ஒருவருக்கு மதுரை அமெரிக்கன் கல்லூரி, இன்னொருவருக்குச் சென்னை லயோலா. சாத்தான்குளத்திலிருந்து பெங்களூர் போய் வேலை பார்க்கும் என் மாணவன் ஒருவன், தன் மகளுக்கு அமெரிக்காவில் "லிபரல் ஆர்ட்ஸ்" கல்லூரி கிடைக்குமா என்று கேட்கிறான். இலக்கியம், கணிதம், வரலாறு, அறிவியல் எல்லாவற்றையும் சேர்த்துப் படிக்க வைக்கிற சிறிய கல்லூரிகளை அங்கே அப்படிச் சொல்கிறார்கள்.

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட, இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு என்பதைச் சொல்லலாம் என்று தோன்றியது. "இடம் கிடைக்குமா" என்று நம் தமிழ்ப் பிள்ளைகள் 200 வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு காலத்திலும் கல்லூரிக் கதவு ஒவ்வொன்றை அளந்திருக்கிறது. அது தெரிந்தால் உங்கள் கணக்கும் தெளிவாகும், பயமும் குறையும். பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள்.

கதையை நம் கரைக்கு எதிர்க்கரையில் தொடங்க வேண்டும். தூத்துக்குடித் தோணிகள் போய்வந்த இலங்கையில், யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் வட்டுக்கோட்டை என்று ஓர் ஊர். 1823இல் அமெரிக்க மிஷனரிகள் அங்கே ஒரு செமினரி தொடங்கினார்கள். அதன் முதல் தலைவர் டேனியல் பூர், அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் படித்தவர். தாங்கள் படித்த கல்லூரி மாதிரியே ஒன்றை இங்கே உண்டாக்க வேண்டும் என்பது அவர்கள் திட்டம். ஆங்கிலம், தமிழ், கணிதம், வானியல், தத்துவம் எல்லாம் ஒரே கூரையின் கீழ். இன்று என் மாணவன் மகளுக்காக இணையத்தில் தேடுகிற அதே வகைக் கல்லூரி, தமிழ் மண்ணில் 200 வருடத்துக்கு முன்பே இருந்திருக்கிறது!

அங்கே சேர என்ன தகுதி? மார்க் கிடையாது. தொடக்கத்தில் பிள்ளைகளைத் தேடிப் பிடித்து அழைக்க வேண்டியிருந்தது. மிஷன் வீட்டில் சாப்பிட்டால் சாதி போய்விடும் என்று பெற்றோர் பயந்தார்கள். சாப்பாடு, தங்குமிடம், படிப்பு எல்லாம் இலவசம் என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். அதற்கு ஒரு விலையும் இருந்தது. பணம் கொடுத்த அமெரிக்க நன்கொடையாளர்களின் பெயர்களைப் பல பிள்ளைகளுக்கு வைத்தார்கள். அங்கே படித்த விசுவநாதபிள்ளைக்கு "கரோல்" என்ற முன்பெயர் வந்தது அப்படித்தான். அந்தக் காலத்துக் கதவு அளந்தது துணிச்சலை. பிள்ளையை அனுப்பத் தாய் தகப்பனுக்கு இருந்த துணிச்சலை.

அந்தச் செமினரியை 1855இல் மூடிவிட்டார்கள். ஆங்கிலம் படித்த பையன்கள் ஊழியத்துக்கு வராமல் அரசு வேலைக்குப் போகிறார்கள் என்று அமெரிக்காவிலிருந்து வந்த குழு குறைபட்டது. ஆனால் போட்ட விதை வீணாகவில்லை. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் பிறந்தது. அதன் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இரண்டு பேருமே வட்டுக்கோட்டையில் படித்தவர்கள். ஒருவர் மேலே சொன்ன கரோல் விசுவநாதபிள்ளை. மற்றவர் சி.வை. தாமோதரம்பிள்ளை. தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்த அதே பெரியவர்தான். சென்னையில் இருந்தவர்களுக்கு முன்னால், கடல் தாண்டி வந்த இரண்டு பேர் பட்டம் வாங்கிவிட்டார்கள். தலைநகரத்துப் பிள்ளைதான் முந்தும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

பல்கலைக்கழகம் வந்தபின் கதவில் புதுப் பூட்டு வந்தது. மெட்ரிகுலேசன் பரீட்சை. அதில் தேறினால் கல்லூரி வாசல் திறக்கும். அதற்குப் பிறகு எஃப்.ஏ., அதற்குப் பிறகு பி.ஏ. அன்றைக்குச் சேர்வதைவிடத் தேறுவதுதான் கடினம். "பி.ஏ. பெயில்" என்று பெயருக்குப் பின்னால் பெருமையோடு போட்டுக்கொண்டவர்கள் இருந்த காலம். அவ்வளவு தூரம் போனதே பெரிய காரியம்.

அந்தப் பூட்டில் மாட்டிக்கொண்டவர் யார் தெரியுமா? கணிதமேதை இராமானுஜன். 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். கணிதம் தவிர மற்ற பாடங்களில் தவறியதால் உதவித்தொகை போனது. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரி. அங்கிருந்து எழுதியும் எஃப்.ஏ. தேறவில்லை. அதே மனிதர் 1914இல் கேம்பிரிட்ஜுக்குக் கப்பல் ஏறினார். 1918இல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். எஃப்.ஏ. பரீட்சை கெட்ட பரீட்சை என்று நான் சொல்லவில்லை. அது எல்லாப் பாடத்தையும் சமமாக அளந்தது. அவரோ ஒரே பாடத்தில் மலை. அளவுகோல் ஒன்று, அளக்கப்பட்ட பொருள் வேறொன்று.

நம் பக்கம் நிலைமை எப்படி? 1840களில் ஜி.யு. போப் சாயர்புரத்தில் ஒரு செமினரி நடத்தினார். பின்னால் 1883இல் கால்டுவெல் அங்கிருந்த உயர்கல்வியைத் தூத்துக்குடிக்கு மாற்றினார். கால்டுவெல் கல்லூரி என்று பெயர். அது கல்லூரியாக நீடிக்கவில்லை, பள்ளியாகத்தான் நின்றது. அதற்குப் பிறகு நம் தேரிக்காட்டுப் பிள்ளை பி.ஏ. படிக்க வேண்டும் என்றால் திருநெல்வேலி இந்துக் கல்லூரி, பாளையங்கோட்டை தூய யோவான் கல்லூரி, இல்லாவிட்டால் மதுரை, சென்னை. 1923இல்தான் தூய சேவியர் கல்லூரி வந்தது. அப்போது கதவு அளந்தது தூரத்தையும் பணத்தையும். பனையேறுகிற வீட்டுப் பிள்ளைக்கு விடுதிக் கட்டணம் எங்கிருந்து வரும்? மெட்ரிகுலேசன் தேறினவனும் அங்கேயே நின்றுவிடுவான்.

பெண் பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம். பாளையங்கோட்டையில் சாராள் தக்கர் 1895இல் கல்லூரியானது நம் பகுதிக்குப் பெரிய பேறு. சென்னையில் ராணி மேரி கல்லூரி 1914இலும் பெண்கள் கிறித்தவக் கல்லூரி 1915இலும் தான் வந்தன. அதற்கும் முன்பு புதுக்கோட்டையில் ஒரு பெண் மகாராஜா கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டாள். அது ஆண்கள் கல்லூரி. பெண் வந்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்றார்கள். அவள் தாயின் பிறப்பைச் சொல்லியும் எதிர்த்தார்கள். கல்லூரி முதல்வருக்கே விருப்பமில்லை. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் தலையிட்டுச் சேர்க்கச் சொன்னார். அந்தப் பெண்தான் முத்துலட்சுமி ரெட்டி. 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் டாக்டராக வெளியே வந்தார். 1927இல் சட்டமன்றத்துக்குப் போனார்.

அந்த விண்ணப்பத்தைப் போடும்போது அவருக்கு இடம் கிடைக்க என்ன வாய்ப்பு இருந்திருக்கும்? அதுவரை சேர்ந்த பெண்கள் எத்தனை பேர் என்று பார்த்துக் கணக்குப் போட்டிருந்தால் விடை பூஜ்யம். பழைய கணக்கில் இடமே இல்லாதவர்கள் விண்ணப்பித்ததால்தான் புதுக் கணக்கு பிறந்தது. இதை நம் பெண் பிள்ளைகள் கவனமாகப் படிக்க வேண்டும்.

இனி 1920களுக்கு வருவோம். ஒரே பத்து வருடத்தில் உலகத்தின் இரண்டு மூலைகளில் கல்லூரிக் கதவு இரண்டு திசையில் திரும்பியது.

சென்னை மாகாணத்தில் படித்தவர்களும் அரசு வேலை பார்த்தவர்களும் பெரும்பாலும் ஒரே பிரிவினராக இருந்தார்கள். அதை மாற்ற நீதிக்கட்சி ஆட்சி 1921இல் வகுப்புவாரி ஆணை போட்டது. 1927இல் அமைச்சர் எஸ். முத்தையா முதலியார் காலத்தில் அது ஒரு கணக்காக வடிவம் பெற்றது. 12 வேலை இருந்தால் பிராமணர் அல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்களுக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியரும் கிறித்தவரும் சேர்த்து 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1. இப்படிப் பங்கிடும் முறை பின்னால் கல்லூரி இடங்களுக்கும் வந்தது. உள்ளே வராதவர்களை உள்ளே கொண்டுவரச் செய்த ஏற்பாடு இது.

அதே நேரத்தில் அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் என்ன நடந்தது? அதுவரை அங்கே நுழைவுப் பரீட்சையில் தேறியவர்களைச் சேர்த்துக்கொள்வதே வழக்கம். ஏழை யூதக் குடும்பத்துப் பிள்ளைகள் நன்றாகப் படித்துத் தேறி வந்தார்கள். 1922 வாக்கில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் யூத மாணவர்கள். அதன் தலைவர் லோவெல் என்பவருக்கு அது பிடிக்கவில்லை. யூதர்களுக்கு உச்சவரம்பு வைக்கலாம் என்றார். எதிர்ப்பு வந்தது. உடனே வேறு வழி கண்டுபிடித்தார்கள். விண்ணப்பத்தில், பிறந்ததிலிருந்து உன் பெயரோ உன் அப்பா பெயரோ மாறியிருக்கிறதா என்று கேட்டார்கள். 1926இல் போட்டோ ஒட்டச் சொன்னார்கள். மார்க்கோடு "குணநலன்" பார்ப்போம் என்றார்கள். யூத மாணவர் எண்ணிக்கை இறங்கிவிட்டது.

வட்டுக்கோட்டையில் பெயரைக் கொடுத்து உள்ளே விட்டார்கள். ஹார்வர்டில் பெயரைக் கேட்டு வெளியே நிறுத்தினார்கள்.

இன்று அமெரிக்கக் கல்லூரிகள் கட்டுரை எழுதச் சொல்வதும், பரிந்துரைக் கடிதம் கேட்பதும், விளையாட்டு, சேவை எல்லாம் பார்ப்பதும் அந்த 1920களில் வேர்விட்ட வழக்கம். பிற்காலத்தில் அதே முறையை வைத்துக் கறுப்பின மாணவர்களுக்கும் ஏழைப் பிள்ளைகளுக்கும் கதவைத் திறந்தும் விட்டார்கள். 2023இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம், சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்று தீர்ப்பு சொன்னது. ஒரே கருவி அடைக்கவும் உதவியது, திறக்கவும் உதவியது. கருவியைப் பார்ப்பதோடு அதைப் பிடித்திருக்கும் கையையும் பார்க்க வேண்டும்.

நம் நாட்டுக்குத் திரும்புவோம். சுதந்திரம் வந்தது, அரசியல் சட்டம் வந்தது. உடனே ஒரு வழக்கு. "சென்னை மாகாணம் எதிர் செண்பகம் துரைராஜன்" என்று சட்டம் படித்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். அப்போது மாகாணத்தின் நான்கு மருத்துவக் கல்லூரிகளில் மொத்தமே 330 இடம். நான்கு பொறியியல் கல்லூரிகளில் 395. பங்கீடு 14க்கு 14 என்று போகும். பிராமணர் அல்லாத இந்துக்கள் 6, பிற்பட்ட இந்துக்கள் 2, பிராமணர் 2, அரிசனங்கள் 2, கிறித்தவரும் ஆங்கிலோ இந்தியரும் 1, முஸ்லிம் 1.

செண்பகம் அம்மையார் 1934இல் பி.ஏ. முடித்தவர். மருத்துவம் படிக்க ஆசைப்பட்டார். இதில் பலருக்குத் தெரியாத ஒரு செய்தி உண்டு. அவர் விண்ணப்பமே போட்டதாகத் தெரியவில்லை என்று உச்சநீதிமன்றத் தீர்ப்பிலேயே எழுதியிருக்கிறது. விசாரித்துப் பார்த்ததில், தான் பிராமணப் பெண் என்பதால் இடம் கிடைக்காது என்று தெரிந்துகொண்டு நேராக நீதிமன்றம் போனார். "இடம் கிடைக்குமா" என்ற கணக்கையே வழக்காக்கியவர் அவர்! 1951 ஏப்ரல் 9இல் அவர் பக்கம் தீர்ப்பு வந்தது. தமிழ்நாடு கொந்தளித்தது, பெரியார் போராட்டம் நடத்தினார். ஜூன் மாதமே நாடாளுமன்றம் அரசியல் சட்டத்தை முதல்முறையாகத் திருத்தி, 15(4) என்ற பிரிவைச் சேர்த்தது. சமூகத்திலும் கல்வியிலும் பின்தங்கியவர்களுக்கு அரசு தனி ஏற்பாடு செய்யலாம் என்பது அதன் பொருள். இன்று உங்கள் பிள்ளையின் விண்ணப்பத்தில் இருக்கிற சாதிச் சான்றிதழ் கட்டத்துக்குப் பின்னால் இந்தக் கதை நிற்கிறது.

அதே 1951இல் நம் தூத்துக்குடியில் நடந்ததையும் சொல்ல வேண்டும். டெல்லியில் இருக்கிற இடத்தை எப்படிப் பங்கிடுவது என்று வாதாடிக்கொண்டிருந்தபோது, சுதந்திரப் போராட்ட வீரர் ஏ.பி.சி. வீரபாகு இங்கே வ.உ.சி. கல்லூரியைத் தொடங்கி இடங்களையே பெருக்கினார். அதற்கு முன்பே 1948இல் பெண்களுக்குத் தூய மரியன்னை கல்லூரி வந்திருந்தது. பிறகு சாயர்புரத்தில் 1962இல் போப் கல்லூரி, திருச்செந்தூரில் 1965இல் சி.பா. ஆதித்தனார் தொடங்கிய கல்லூரி, தூத்துக்குடியில் 1966இல் காமராஜ் கல்லூரி. விருதுநகரில் வீட்டுக்கு வீடு பிடியரிசி பிரித்துப் பள்ளிக்கூடம் நடத்தினார்களே, காமராசர் படித்த பள்ளி, அந்த மனப்பான்மைதான் இது. பிற்பாடு அதே காமராசர் 1956இல் நம் மாவட்டத்து எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். கல்லூரிக் கதவு வரைக்கும் பிள்ளை நடந்து வர வேண்டும் அல்லவா? அதற்கு வயிற்றில் சோறு வேண்டும்.

வாய்ப்பு என்பது ஒரு பின்னம், பிள்ளைகளே. மேலே இடங்கள், கீழே கேட்பவர்கள். கீழே இருப்பவர்களைச் சலித்துக்கொண்டே இருப்பது ஒரு வழி. மேலே இருப்பதைக் கூட்டுவது இன்னொரு வழி. நம் கரைக்காரர்கள் இரண்டாவதைச் செய்தார்கள். இன்று நம் சாத்தான்குளத்திலேயே அரசு மகளிர் கல்லூரி இருக்கிறது என்றால் அது அந்தப் பாதையின் தொடர்ச்சி.

அதற்குப் பிறகும் விதிகள் மாறிக்கொண்டேதான் இருந்தன. ஒரு காலத்தில் மருத்துவ இடங்களை மாவட்ட மக்கள்தொகைப்படி பிரித்தார்கள். 1968இல் ராஜேந்திரன் வழக்கில் அது செல்லாது என்றது உச்சநீதிமன்றம். நேர்காணலுக்கு மார்க் போட்டுச் சேர்த்தார்கள். 1970இல் பெரியகருப்பன் வழக்கில், அந்த மார்க் போட்ட விதத்தை நீதிமன்றம் கண்டித்தது. பி.யு.சி. போய் 1978இல் பிளஸ் டூ வந்தது. 1984இல் தொழிற்படிப்புகளுக்கு நுழைவுத்தேர்வு வந்தது, 2007இல் போனது. 2017இல் மருத்துவத்துக்கு நீட் வந்தது. பிளஸ் டூவில் 1200க்கு 1176 எடுத்த அரியலூர் அனிதாவுக்கு மருத்துவ இடம் இல்லை என்றாகி, அந்தப் பிள்ளையை இழந்தோம். 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது.

நம் பகுதிக்கு நெருக்கமான ஒரு செய்தி. 2007இல் பிற்படுத்தப்பட்டோருக்கான 30 சதவீதத்துக்குள் முஸ்லிம்களுக்கு 3.5, கிறித்தவர்களுக்கு 3.5 என்று தனித்தனியாகப் பிரித்தார்கள். ஒரு வருட சேர்க்கை முடிந்ததும் கிறித்தவர் தரப்பினரே கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். தனியாக இருப்பதைவிடப் பொதுவான பி.சி. பட்டியலில் இருந்தால் தங்கள் பிள்ளைகளுக்குக் கூடுதல் இடம் கிடைக்கும் என்று தெரிந்தது. அவர்களே வேண்டாம் என்று கேட்டு 2008இல் அதை விலக்கிக்கொண்டார்கள். "ஒதுக்கீடு" என்ற சொல்லைக் கேட்டதும் சந்தோசப்படவும் வேண்டாம், சங்கடப்படவும் வேண்டாம். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சரி டீச்சர், இப்போ எங்க பிள்ளைக்குக் கிடைக்குமா என்கிறீர்கள். சொல்கிறேன்.

முதலில், ஓ.சி. என்றால் "முன்னேறிய சாதி" என்று நம் ஊரில் பாதிப்பேர் நினைக்கிறார்கள். தவறு. அது பொதுப்போட்டி. அந்த 31 சதவீதம் எல்லோருக்கும் உரியது. மீதி: பி.சி. 26.5, பி.சி. முஸ்லிம் 3.5, எம்.பி.சி. 20, எஸ்.சி. 15, அருந்ததியர் 3, எஸ்.டி. 1. ஓர் அரசுக் கல்லூரியில் ஒரு பாடத்துக்கு 60 இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொதுப்போட்டியில் ஏறத்தாழ 18, பி.சி.யில் ஏறத்தாழ 16. ஆக பி.சி. பிள்ளை எட்டிப் பார்க்கக்கூடிய இடம் 34. "நமக்கு 16 தானே" என்று தலையில் கை வைக்காதீர்கள். சிறுபான்மை நிறுவனங்களுக்கும் தனியார் கல்லூரிகளுக்கும் விதி வேறு. அவர்கள் தங்கள் சமூகத்துக்கென்று ஒரு பங்கு வைத்துக்கொள்ளலாம். டெல்லி புனித ஸ்டீபன் கல்லூரி வழக்கில் 1991இல் உச்சநீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. ஆகவே கல்லூரியின் விவரக் கையேட்டை முதலில் படியுங்கள்.

இரண்டாவது, "60 இடத்துக்கு 1,200 விண்ணப்பமாம், இருபதில் ஒருவருக்குத்தான்" என்பார்கள். இந்தக் கணக்கு பாதி உண்மை. ஒரே பிள்ளை ஐந்தாறு கல்லூரிக்குப் போடுகிறது. மேலே நிற்கிற பலர் பொறியியல் கலந்தாய்வு வந்ததும் போய்விடுவார்கள். பட்டியல் நகரும். முதல் பட்டியலில் பெயர் இல்லை என்று அழுத பிள்ளைக்கு மூன்றாவது பட்டியலில் இடம் வருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். காத்திருப்புப் பட்டியலில் இருந்தால் போனை அணைத்து வைக்காதீர்கள்.

மூன்றாவது, போன வருடக் கடைசி மார்க்கைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் ஒரு வருடத்தை மட்டும் நம்பாதீர்கள். கேள்வித்தாள் எளிதாக இருந்த வருடம் எல்லோர் மார்க்கும் ஏறும். டெல்லியில் 2011இல் ஒரு பெரிய கல்லூரி, வணிகவியல் படிக்காத மாணவர்களுக்கு 100க்கு 100 என்று கட் ஆஃப் வைத்தது. 2021இல் பல கல்லூரிகள் 100 கேட்டன. 2022இல் அந்த முறையையே விட்டுவிட்டுப் பொது நுழைவுத்தேர்வுக்குப் போனார்கள். மார்க் உயர்ந்தால் வாசற்படியும் உயரும். உங்கள் மார்க் எத்தனை என்பதைவிட, உங்களுக்கு மேலே எத்தனை பேர் என்பதுதான் கேள்வி.

நான்காவது, பாடத்தைப் பாருங்கள். அதே கல்லூரியில் பி.காம். வாசலில் கூட்டம் நெரியும், வரலாறு, தமிழ், பொருளியல் பக்கம் இடம் இருக்கும். உண்மையில் வரலாறு பிடித்த பிள்ளையை ஊருக்காக பி.காம். வரிசையில் நிறுத்தாதீர்கள்.

அமெரிக்கா கேட்ட என் மாணவனுக்கு: அங்கே கணக்குப் போட முடியாது அப்பா. ஆம்ஹர்ஸ்ட் மாதிரிக் கல்லூரிகளில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குத்தான் இடம், வெளிநாட்டுப் பிள்ளைக்கு அதைவிடக் கடினம். மார்க் எல்லோரிடமும் இருக்கும். ஆனால் ஆம்ஹர்ஸ்ட், ஹார்வர்டு, யேல் போன்ற சில இடங்களில், பணம் கட்ட முடியுமா என்று பார்க்காமலே வெளிநாட்டு மாணவரையும் தேர்ந்தெடுத்து, தேவைப்படும் உதவியும் தருகிறார்கள். மற்ற பல இடங்களில் உதவி கேட்டால் வாய்ப்பு குறையும். எந்தக் கல்லூரி எந்த வகை என்று முதலில் பார். நம் நாட்டிலேயே ஹரியானாவில் 2014இல் தொடங்கிய அசோகா, ஸ்ரீசிட்டியில் 2018இல் தொடங்கிய கிரியா போன்றவையும் இந்த வகைதான். கட்டணம் அதிகம். உதவித்தொகை உண்டா என்று எழுதிக் கேள். மதுரை அமெரிக்கன் கல்லூரியையும் மறந்துவிடாதே. பசுமலையில் 1881இல் முளைத்ததும் அமெரிக்க மிஷனரிகள் நட்ட செடிதான்.

எல்லோருக்கும் பொதுவாக ஒன்று: கைக்கு எட்டாதது போல் தெரிகிற கல்லூரி ஒன்று, எட்டும் என்று தோன்றுவது இரண்டு, நிச்சயம் என்று இருப்பது ஒன்று. இந்த நான்குக்கும் விண்ணப்பம் போடுங்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண் பிள்ளைக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் இருக்கிறது. முதல் பட்டதாரிச் சான்றிதழையும் எடுத்து வையுங்கள்.

கடைசியாக, மனதில் கிடக்கிற ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன்பு எங்கள் பக்கத்து ஊர்ப் பிள்ளை ஒருத்தி நல்ல மார்க் எடுத்தாள். ஆங்கில இலக்கியம் படிக்க ஆசை. வெளியூரில் ஒரு பெரிய கல்லூரி. வீட்டில் பெரியவர்கள் கூடிப் பேசி, "அங்கெல்லாம் நமக்குக் கிடைக்காது, பாரம் வாங்கவே வேண்டாம்" என்று முடிவு செய்துவிட்டார்கள். பிறகு விசாரித்தால், அந்த வருடம் அந்தப் பாடத்தில் கடைசியாகச் சேர்ந்த பிள்ளையின் மார்க் இவளுடையதைவிடக் குறைவு. அந்தக் கல்லூரி அவளை வேண்டாம் என்று சொல்லவே இல்லை. கேட்டால்தானே சொல்வார்கள்? அவள் இப்போது நல்லபடியாகத்தான் இருக்கிறாள், இரண்டு பிள்ளைகள். ஆனால் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "அந்தப் பாரத்தை ஒரு தடவை போட்டுப் பார்த்திருக்கலாம் டீச்சர்" என்பாள்.

அவள் மூத்த மகள் இந்த வருடம் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். போன வாரம் நான்கு கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டாயிற்று. அதில் ஒன்று, அம்மா அன்றைக்குக் கேட்ட அதே கல்லூரி. கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது. பட்டியல் வரட்டும்.

உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் கடைசித் தேதி எப்போது என்று இன்றே பாருங்கள். சந்தேகம் இருந்தால் கீழே எழுதுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். உறவுகள் இந்தப் பதிவை நம் குடும்பக் குழுவிலும் போட்டுவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
சாத்தான்குளம்